சின்ன மாஸ்டரின் ஸ்கூட்டருக்குப் பின்னால்

தெருவில் ஒருவன் நாயை வதைப்பதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், அந்தச் சனிக்கிழமை காலை வரை யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். வண்டியை ஓரம் கட்ட வேண்டும். இறங்க வேண்டும். குரலை உயர்த்தாமல், ஆனால் அவன் கண்ணைப் பார்த்து, நிறுத்தச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதானே. அந்த ஒருவன் யாரோ ஒருவனாகத்தான் இருப்பான் என்ற நினைப்பில் சொல்கிற பதில் இது.

எங்களுடையது டிரைவிங் ஸ்கூல். அப்பா ஒரு பழைய காரை வைத்துத் தொடங்கினார். இப்போது நானும் என் தம்பியும் நடத்துகிறோம். பழக வருகிறவர்களுக்கு நான் பெரிய மாஸ்டர், அவன் சின்ன மாஸ்டர். அவனுக்கும் தலை நரைத்துப் பேரன் பிறந்தாயிற்று, ஆனாலும் சின்ன மாஸ்டர்தான். எங்கள் கார்களின் கூரைமேல் மஞ்சள் போர்டு இருக்கும். அதில் அப்பாவின் பெயர். எங்கள் சட்டைகளின் முதுகிலும் அதே பெயர், தெருக்கோடியில் வருகிறவனுக்கும் தெரிகிற எழுத்தில்.

அப்பா பெயரைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற காரில் உட்கார்ந்திருப்பவன் ஆத்திரத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது. நடுத்தெருவில் இறங்கிச் சண்டை போடக் கூடாது. கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. சீட்டில் அழுக்குப் படக் கூடாது. இதெல்லாம் நான் வைத்த சட்டம். வெளியாள் முன்னால் வீட்டு ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது மட்டும் அப்பா வைத்தது. அதை நாங்கள் யாரும் மீறியதே இல்லை. ஒருமுறை தம்பி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டான். தொட்டிதான் ரோட்டுக்கு வந்து நின்றது என்று அந்த வீட்டுக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்தி வாதாடினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். எங்கள் வழக்கம் அது.

எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு நாய் உண்டு. யாரும் கொண்டுவந்து வளர்த்ததில்லை. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஒவ்வொரு காரும் கேட்டைத் தாண்டும்போது எழுந்து உட்கார்ந்து, லைசென்ஸ் டெஸ்டில் குறை கண்டுபிடிக்கிற அதிகாரியைப் போலவே முறைத்துப் பார்க்கும். அதனால் பழகுபவர்கள் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாருடைய நாய் என்று கேட்டால், எங்களுடையது இல்லை என்று நானும் தம்பியும் ஒரே குரலில் சொல்வோம். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இரண்டு குடும்பமும் இருக்கிறோம். முன்பக்கம் ஆபீஸ். இன்ஸ்பெக்டருக்குச் சோறு மட்டும் சுவரின் இரண்டு பக்கத்திலிருந்தும் போய்க்கொண்டிருந்தது.

சமீபகாலமாக அது கார் டயர்களைத் துரத்த ஆரம்பித்திருந்தது. அந்த வாரம் ஒரு கல்லூரிப் பெண் பயந்துபோய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டாள். கார் கேட்டுத் தூணில் போய் நின்றது. சனிக்கிழமை காலை டீ குடிக்கும்போது தம்பி பேச்சை எடுத்தான்.

"இதுக்கு இன்னிக்கு ஒரு முடிவு கட்டறேன்ணே. சந்தைக்கு அந்தப் பக்கம் என் ஃபிரெண்டோட குடோன் இருக்கு. காவலுக்கு நாய் வேணும்னு ரொம்ப நாளா கேக்கறான். கொண்டுபோய் விட்டுடறேன்."

"என்னமோ பண்ணு," என்றேன். "சீட்டுல மட்டும் ஏத்தாதே."

அதோடு அதை மறந்துவிட்டு, கணக்கு டீச்சருக்குப் பாடம் எடுக்கக் கிளம்பினேன்.

இந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர், ஐம்பதை நெருங்குகிறவர். நான் சொல்வதை அப்படியே செய்வார். அதுதான் பிரச்சினை. ஏற்கெனவே லைசென்ஸ் டெஸ்டில் கோட்டைவிட்டவர். வேகமாக ஓட்டியதால் அல்ல. ரவுண்டானாவில் எல்லோருக்கும் வழிவிட்டு, வழிவிட்டு, அந்த அதிகாரி தூங்கி விழுகிற வரைக்கும் வழிவிட்டுக்கொண்டே நின்றதால்.

கடைத்தெருவில் திரும்பியபோது, ஓரத்தில் நடந்துபோனவர்கள் எல்லோரும் நின்று ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கையில் போன், நீட்டிப் பிடித்தபடி.

"மாஸ்டர், அங்க பாருங்க," என்றார் டீச்சர். "ஸ்கூட்டர்ல நாயைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போறான்."

பார்த்தேன். இரண்டு கார், ஒரு ஆட்டோவுக்கு அப்பால் ஒரு ஸ்கூட்டர். பின்னால் சாமான் வைக்கிற கம்பியிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு நாய். ஓடியது, தடுக்கியது, பக்கவாட்டில் சரிந்து கொஞ்ச தூரம் தேய்ந்துபோயிற்று, மறுபடி எப்படியோ காலை ஊன்றி ஓடியது. சுள்ளென்று வெயில். தார் ரோடு.

"அயோக்கியப் பயல்," என்றேன். "முந்துங்க டீச்சர். அவனுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துங்க."

டீச்சர் நடுக்கண்ணாடியைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டரைப் போட்டார். காத்திருந்தார்.

"என்ன காத்திருக்கீங்க?"

"பின்னாடி பஸ் வருது மாஸ்டர்."

"அது வரட்டும், நீங்க போங்க!"

"பெரிய வண்டிக்கு வழிவிடணும்னு நீங்கதானே…"

"ஹாரன் அடிங்க!"

"கோபத்துல ஹாரன் அடிக்கக் கூடாதுன்னும் நீங்கதானே மாஸ்டர்…"

"நான்தான் சொன்னேன், நான்தான் இப்ப சொல்றேன், அடிங்கம்மா!"

அடித்தார். குழந்தை தும்மியது மாதிரி ஒரு சத்தம். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்து, எங்கள் கூரை போர்டைப் படித்துவிட்டுச் சிரித்தான். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடையே வலித்தது. இத்தனை வருடமாக இந்த ஊருக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த ஒழுங்கு முழுவதும் அன்று திரண்டு வந்து எனக்கும் அந்த நாய்க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

முன்னால் ஜனங்கள் ரோட்டைக் கடக்கிற கோடு வந்தது. ஸ்கூட்டர்காரன் கையைக் காட்டி, முறையாக நின்று, ஒரு கிழவியும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கடக்கும்வரை காத்திருந்தான். நாய் அந்த இடைவெளியில் அப்படியே படுத்துவிட்டது. கிழவி அவனைப் பார்த்து ஏதோ கத்தினாள். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினான். கயிறு இழுபட்டது. இதற்குள் கார்களும் ஆட்டோவும் ஒதுங்கிவிட்டன, நாங்கள் நெருங்கிவிட்டோம். அப்போதுதான் அவன் முதுகு எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் பெயர். முழுப் பெயர், பெரிய எழுத்தில். அதற்குப் பின்னால், பாடம் எடுக்கும்போது தரையில் வரிசையாக வைக்கிற கூம்புகளை நாங்கள் கட்டுகிற அதே நைலான் கயிற்றில், இன்ஸ்பெக்டர்.

"ஐயோ, சின்ன மாஸ்டர்!" என்றார் டீச்சர்.

இரண்டு பக்கமும் போன்கள். தெரு முழுக்க அப்பாவின் பெயரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் அவனை நிறுத்தினால் இந்தத் தெருவில் பேச வேண்டியிருக்கும். பேசினால் ஒன்று அவனை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அவன் செய்வது சரி என்று சொல்ல வேண்டும். இரண்டும் என்னால் ஆகாது. அவனை வீட்டில் பிடித்துக்கொள்ளலாம்.

"டீச்சர், முந்த வேண்டாம். அடுத்த சந்துல திரும்புங்க. நான் அவன்கிட்ட வீட்டுல பேசிக்கறேன்."

"வீட்டுலயா?"

"ஆமா."

"அதுவரைக்கும் அந்த நாய்?"

கேட்டுவிட்டு அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடி பார்க்கவில்லை, இண்டிகேட்டர் போடவில்லை. ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்து, ஸ்டியரிங்கை ஒடித்து, ஸ்கூட்டருக்குக் குறுக்கே காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். என் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கிறது. என் கால் அதன் மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.

தம்பி பிரேக் போட்டு ஸ்டாண்டைத் தள்ளி இறங்கினான். இறங்கியதும் முதலில் என்ன சொன்னான் தெரியுமா?

"என்ன டீச்சர் இது! சிக்னலே போடாம குறுக்க வர்றீங்க? இப்படி ஓட்டினா ஜென்மத்துக்கும் லைசென்ஸ் கிடைக்காது."

டீச்சர் அவனைத் தாண்டி ஓடிப்போய் நாயருகில் மண்டி போட்டார். நான் இறங்கி அவன் எதிரில் போய் நின்றேன். எனக்கு முதலில் வாயில் வந்தது இதுதான்:

"சட்டையைக் கழட்டுடா."

"என்னது?"

"முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டு."

"சட்டையா மாஸ்டர் இப்ப முக்கியம்?" என்று கீழிருந்து டீச்சர் சத்தம் போட்டார். வகுப்பறையில் போடுகிற சத்தம். "இங்க வந்து முடிச்சை அவிழுங்க. எனக்கு வரலை."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் கவுன்டரை விட்டு வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் இளைஞன் தம்பியின் காலரைப் பிடித்தான். காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள், "இவனை இதே கயிறுல கட்டி இழுக்கணும்," என்றார். இன்னொருவர் போலீசைக் கூப்பிடு என்றார். போலீஸ் வராது, முனிசிபாலிட்டிக்குப் போடு என்றார் மற்றொருவர். போட்டால் நாயைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று மருந்துக்கடைக்காரர் விளக்கினார். ஆளாளுக்கு ஒரு யோசனை. அத்தனை பேரில் ஒருவராவது குனிந்து அந்தக் கயிற்றைத் தொட்டிருந்தால் நான் அவருக்குக் கும்பிடு போட்டிருப்பேன். நாய் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. அதன் தலைக்கு மேல் கூட்டம் கூடி விவாதம் நடத்தியது.

நான் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். அது எனக்கு அவ்வளவு சுலபமில்லை. முடிச்சு எங்கள் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கூம்புகள் காற்றில் பறக்காமல் இருக்க நாங்கள் போடுவது. அதை ஒரு நாயின் கழுத்தில் போட்டிருந்தான். நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். அவிழ்க்கும்போதுதான் பாதங்களைப் பார்த்தேன். நான்கு பாதத்திலும் தோல் இல்லை.

"டேய்," என்றேன். "இங்க பாரு."

காலர் ஹெல்மெட் இளைஞனின் பிடியில் இருந்ததால் தம்பி கழுத்தை நீட்டிப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது உண்மை. ஆனால் வாய் மாறவில்லை.

"நான் இருபதைத் தாண்டவே இல்லைண்ணே. பழகறவங்க வேகம்தான். நாய் அதைவிட வேகமா ஓடும். டயரைத் துரத்தறப்போ பார்த்திருக்கே இல்ல? கண்ணாடியைப் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். அதுல ஒண்ணும் தெரியலை."

"கண்ணாடியில என்னடா தெரியும்? வண்டி தெரியும். தரையில கிடக்கிறது தெரியுமா?"

"அதான் சொல்றேன், தெரியலைன்னு!"

இவனை என்ன செய்வது? கண்ணாடியில் தெரியாததைத் திரும்பிப் பார் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் இவன். ஜனங்கள் கத்தியது ஏன் என்று கூடவா தோன்றவில்லை என்று கேட்டேன். ரோட்டில் ஜனங்கள் எப்போதும் கத்துவார்கள், அதைக் காதில் வாங்காமல் ஓட்ட வேண்டும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய் என்றான். அதுவும் நான் சொன்னதுதான். பழகுகிறவர்கள் பதற்றப்படாமல் இருக்கச் சொன்னது.

ஹெல்மெட் இளைஞன் காலரை உலுக்கினான். "பெரியவரே, நீங்க ஒதுங்குங்க. இவனுக்கு நாலு கொடுத்தாத்தான் புரியும்."

"அண்ணே!" என்றான் தம்பி. "பார்த்துக்கிட்டு நிக்கறியே. சொல்லுண்ணே."

அவன் எதைச் சொல்லச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். பூந்தொட்டி ரோட்டுக்கு வந்து நின்றது என்று சொன்னேனே, அந்த மாதிரி ஏதாவது. நாய் வெறிபிடித்தது, ஆபத்தானது, வேறு வழியில்லை. நான் சொன்னால் எடுபடும். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நீதானே காலையில என்னமோ பண்ணுன்னே? நீதானே சீட்டுல ஏத்தாதேன்னே? கார்ல கொண்டுபோயிருந்தா குதிச்சிருப்பே. ஸ்கூட்டர்ல உட்கார வெச்சா அது உட்காருமா? வேற எப்படிக் கொண்டுபோறது, தோள்ல தூக்கிக்கிட்டா?"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. போன்களும் திரும்பின.

"ஐயா, இவர் உங்க ஆளா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால் என் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "இந்த நாய் யாருது?"

"அது தெருநாய்," என்றான் தம்பி.

"இல்லை," என்றேன். எழுந்து நின்றேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். "நாய் எங்க வீட்டு நாய். இவனும் எங்க வீட்டு ஆள், என் கூடப் பிறந்த தம்பி. சீட்டுல ஏத்தாதேன்னு சொன்னது நான்தான். கட்டி இழுத்தது இவன். இவன் பண்ணது தப்பு. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம், நானே சொல்றேன். ஹெல்மெட் தம்பி, நீங்க காலரை விடுங்க. இவனை அடிக்கிற உரிமை உங்களுக்கு இல்லை."

இளைஞன் கையை எடுத்தான். தம்பி என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. நடுத்தெருவில் அவன் வேட்டியை உருவியது போலப் பார்த்தான்.

எதிரில் ஒருத்தி இன்னும் போனை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"எடுத்தாச்சா?" என்றேன். "மேலே போர்டு இருக்கு பாரும்மா. அதையும் சேர்த்து எடு. பெயர் விட்டுப்போகக் கூடாது."

அவள் போனைத் தாழ்த்திவிட்டாள்.

"டாக்டர்கிட்டக் கொண்டுபோகணும்," என்றார் டீச்சர். "தூக்கறதுக்கு ஒரு கை வேணும்."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். காய்கறி அம்மாளுக்குக் குழம்பு அடுப்பில் இருந்தது நினைவுக்கு வந்தது. மருந்துக்கடையில் ஆள் இல்லை. ஹெல்மெட் இளைஞனுக்கு நாய் மயிர் ஒத்துக்கொள்ளாது, தும்மல் வருமாம். தம்பியை அடிக்க வந்த கைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். இன்ஸ்பெக்டர் படுத்தபடியே பல்லைக் காட்டியது. அவன் நின்றுவிட்டான்.

"சாவியைக் கொடு," என்றேன்.

"எதுக்கு?"

"இன்னிக்கு நீ எதையும் ஓட்டக் கூடாது. நடந்து வீட்டுக்குப் போ."

"இந்த வெயில்லயா? எவ்வளவு தூரம் தெரியுமா?"

நான் கையை நீட்டினேன். சாவியை என் கையில் போட்டான். போட்டான் என்பதைவிட எறிந்தான் என்பது சரி.

டீச்சரும் நானுமாக இன்ஸ்பெக்டரைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். டீச்சர் தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரிக்கப் போனார். வேண்டாம், சீட்டிலேயே படுக்கட்டும் என்றேன். அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். கடைத்தெரு முழுக்க ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டினேன். சிக்னலில் ஒருவன் திரும்பி, "டிரைவிங் ஸ்கூல் வண்டியா இது?" என்று கேட்டான். ஆமாம், கற்றுக்கொள் என்றேன்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். சிரிப்பே இல்லாதவர். ஊசி போட்டு, பாதங்களைக் கழுவி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எலும்பு உடையலை. ஆனா பாதத்துல தோல் முழுக்கப் போயிருக்கு. தினம் கட்டு மாத்தணும். நடக்கவே கூடாது. யார் பண்ணது?"

"என் தம்பி," என்றேன். ஒருமுறை சொன்ன பிறகு அடுத்தமுறை சுலபமாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"புகார் கொடுக்கப் போறீங்களா?"

"நீங்க எழுத வேண்டியதை எழுதுங்கம்மா. யாராவது கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பஞ்சை எடுத்தார். நான் வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் எனக்குத் தண்ணீர் வாங்கிக்கொடுத்துவிட்டு எட்டி உட்கார்ந்துகொண்டார். அப்போது தம்பியின் போன் வந்தது.

"தெருவுல வெச்சு என் மானத்தை வாங்கிட்டே."

"வீட்டுக்குப் போயிட்டியா?"

"அப்பா இருந்திருந்தா இப்படி விட்டுக்கொடுத்திருப்பாரா? சொல்லு. எவனோ காலரைப் பிடிக்கறான், நீ அவன் பக்கம் பேசறே."

"அவன் பக்கம் எங்கேடா பேசினேன்? காலரை விடச் சொன்னது யாரு?"

"தப்புன்னு சொன்னே இல்ல. ஊரே கேட்டுச்சு. நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் பாடம் எடுக்கறது? நீ வந்து நாலு பேர் முன்னாடி வாபஸ் வாங்கணும். இல்லைன்னா நான் பிரிஞ்சுடறேன். தனியா போர்டு வெச்சுக்கறேன்."

அவன் சும்மா மிரட்டுகிறவன் இல்லை. பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்தவன். அவன் போனால் கார்களைப் பிரிக்க வேண்டும், ஆபீசைப் பிரிக்க வேண்டும், அப்பா பெயரைப் பிரிக்க வேண்டும். பெயரை எப்படிப் பிரிப்பது? முதல் பாதி எனக்கு, பின் பாதி அவனுக்கா?

"வந்து நாயைப் பாரு. பார்த்துட்டு அப்புறம் பேசு," என்றேன்.

"உனக்கு நாய் பெரிசா, நான் பெரிசா?"

உலகத்தில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற கேள்வி எதுவென்றால் இதுதான். ஒருவன் தப்பு செய்துவிட்டு, தராசைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, என்னையும் ஒரு தட்டில் வை என்பான்.

"நீதான்டா பெரிசு," என்றேன். "அதனாலதான் உன்னைக் கேக்கறேன். நாயையா கேக்க முடியும்?"

போனை வைத்துவிட்டான்.

டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருக்கத் தெரிந்தவர். கொஞ்ச நேரம் கழித்து, "மாஸ்டர், நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றார்.

"சொல்லாதீங்க," என்றேன்.

"சரி."

"என்ன, சொல்லுங்க."

"வாபஸ் வாங்கிடாதீங்க."

"நான் வாங்கறேன்னு யார் சொன்னது?" என்று சீறினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பாவம், அவருக்குப் பணம் கட்டின வகுப்பும் போயிற்று, துணியெல்லாம் ரத்தமும் ஆயிற்று. நானோ அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

மருத்துவர் நான்கு காலிலும் வெள்ளைக் கட்டுப் போட்டு முடித்தார். இன்ஸ்பெக்டரை மறுபடியும் பின்சீட்டில் கிடத்திக்கொண்டிருக்கும்போது மீண்டும் போன் அடித்தது. தம்பி என்று நினைத்து வேகமாக எடுத்தேன். தம்பி மனைவி. ரகசியமாகப் பேசினாள்.

"மாமா, அவர் வந்து ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கார். சாப்பிட மாட்டேங்கறார். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நான் பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்லதான் எல்லாத்தையும் பார்த்தேன்."

"பார்த்தியா?"

"பார்த்தேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. "அது காலையில என் கையால தின்னுட்டுத்தான் அவர் பின்னாடி போச்சு மாமா. அவர் கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கிட்டுப் போச்சு."

நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப வீட்டுக்குத்தான் கொண்டுவர்றேன்," என்றேன். "குடோனுக்கு இல்லை."

"நாய் உள்ள வந்தா அவர் இந்த வீட்டுல இருக்க மாட்டாராம். கதவுக்குள்ள இருந்தே சொன்னார்."

"எங்கே போவானாம்?"

"அதைச் சொல்லலை."

"சொல்லச் சொல்லு. சாவி என்கிட்டத்தான் இருக்கு, நடந்துதான் போகணும்."

அவள் சிரிக்கவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் கட்டிப்போடறது மாமா? உங்க பக்கமா, எங்க பக்கமா?"

"கட்ட வேண்டாம்மா. அதால நடக்க முடியாது. உங்க பக்கத்துல ஒரு பழைய மெத்தையைப் போடு."

"எங்க பக்கத்துலயா? அவர் இருக்கிற கோவத்துக்கா?"

"அவன் கண்ணுல படற இடத்துல போடு. தினமும் கட்டு மாத்தணும். மாத்தறது அவன் வேலை. கடிச்சா கடிக்கட்டும். நாலு காலும் சரியாகற வரைக்கும் அவன் எந்தக் காரிலயும் ஏற வேண்டாம். அதுக்கு அப்புறமும் தனி போர்டு வெக்கணும்னு தோணினா வெச்சுக்கட்டும், நான் தடுக்கலை. ஆனா நான் சொன்னது சொன்னதுதான். இதை அப்படியே அவன்கிட்ட சொல்லிடு."

"நான் சொன்னா கேப்பாரா?"

"கதவு வழியாச் சொல்லு. கேக்காம எங்கே போவான்?"

மறுமுனையில் பாத்திரம் நகர்கிற சத்தம், பிறகு கனமாக எதையோ தரையில் இழுக்கிற சத்தம். மெத்தையாகத்தான் இருக்கும்.

"அப்ப அவர் ரூம் வாசல்லயே குறுக்கப் போட்டுடறேன் மாமா," என்றாள். "வெளிய வரணும்னா அதைத் தாண்டித்தான் வரணும்."